ஆத்தும சோதனையும் கல்முனைக் கரையும்

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் பெருந்தெரு, மருதமுனையின் தறியோசையைக் கடந்ததும் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலை அணுகுகின்றது. அதனையடுத்த கல்முனையிற் கத்தோலிக்கரின் கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் மெதடிஸ்தர் தோற்றுவித்த உவெஸ்லிக் கல்லூரியும் உள்ளன. அப்பாற் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி, சாய்ந்தமருது. பின்னர்ச் சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு. அதற்கும் தெற்கே நிந்தவூர். 1961 இல் அம்பாறை மாவட்டம் அமையும்வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இந்நிலப்பரப்பிற்குக் கத்தோலிக்கத் துறவியர் கொணர்ந்த வழக்கங்களுள் ஒன்று, நாடோறும் இறைவன் திருமுன் தன்னைத்தானே வினவிக்கொள்ளும் ஆத்தும சோதனையாகும். ஒருவன் தன் அறைக்குள் ஓசையின்றிச் செய்யும் இச்செயலுக்கும் வரலாறு உண்டோ எனின், உண்டு.

இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியார் (1491-1556) போர்வீரராய் இருந்து துறவு பூண்டவர். அவர் இயற்றிய ஞானப் பயிற்சி நூல், பாப்பரசர் மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு 1548 இல் அச்சாயிற்று. அந்நூலில் ஆத்தும சோதனை ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பெற்ற நன்மைகளுக்கு நன்றி செலுத்துதல் முதலாவது. தன் குற்றங்களை அறியும் அருளை வேண்டுதல் அடுத்தது. துயிலெழுந்த நேரந்தொட்டு நாழிகை நாழிகையாக எண்ணம், சொல், செயல் என்பவற்றுக்குக் கணக்குக் கேட்டல் மூன்றாவது. மன்னிப்பு இரத்தலும் திருந்த உறுதி பூணுதலும் எஞ்சியவை. நன்றி முன்னும் குற்றம் பின்னுமாக வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

இதனோடு, ஒரே குறையைக் குறிவைத்துக் களையும் சிறப்புச் சோதனை ஒன்றையும் அவர் வகுத்தார். நாளொன்றுக்கு இரு கோடுகள் வரைதல் வேண்டும். நண்பகலுணவின் பின் ஒரு கோட்டிலும், இராவுணவின் பின் மற்றக் கோட்டிலும், அக்குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி இடல் வேண்டும். முற்பகற் புள்ளிகளைப் பிற்பகற் புள்ளிகளோடும், நேற்றையவற்றை இன்றையவற்றோடும், சென்ற வாரத்தை இவ்வாரத்தோடும் ஒப்புநோக்கல் வேண்டும். விழுந்த கணத்திலேயே மார்பிற் கைவைத்து வருந்துதலும் விதி. பலர் நடுவே இருப்பினும் அயலார் அறியாவண்ணம் அதனைச் செய்யலாம் என்கிறார். தன் குற்றத்தைத் தானே எடுத்தோதி இரங்குதல் திருவாசகம் ஓதுவோர்க்குப் புதிதன்று. ஆயினும் அது பாட்டாய்ப் பெருகுவது. இதுவோ ஏட்டிற் புள்ளியாய் அடங்குவது.

தமிழ் மொழிக்கு இத்தகைய வினாக்கள் அச்சில் வந்தது மிக முற்பட்ட காலத்திலாகும். முத்துக்குளித்துறையிற் பணிபுரிந்த இயேசு சபையினரான அன்றீக் அடிகளார் 1578 இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டார். 1580 இற் கொச்சியில் வெளிவந்த அவரது 'கொம்பெசியோனாயரு' பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்வோர்க்கு உரியது. குருவிடம் குற்றங்கூறு முன் ஒருமுறை தன்னை ஆராய்தலும், கேட்பார் எவருமின்றி அன்றாடம் ஆராய்தலும் ஒன்றல்ல. எனினும் மனச்சான்றை வினாக்களாகப் பகுத்து ஆராயத் தமிழுரைநடை பழகியது அந்நூலாலேயே எனலாம்.

மட்டக்களப்புப் பகுதியில் இவ்வழக்கம் ஊன்றியது பிற்காலத்திலேயாம். 1893 இல் திருக்கோணமலை மறைமாவட்டம் அமைக்கப்பட்டு, ஈராண்டின் பின் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் வளர்த்த மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலேயே, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்று வந்த காரைதீவு மாணவர் மயில்வாகனனார், பொனல் அடிகளாரிடம் கணிதம் கற்றார். அவரே பின்னர் விபுலானந்த அடிகள் ஆனார். மெதடிஸ்தர் 1814 இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டனர். நாடோறும் தம்மை வினவுதலை அவர்தம் முதல்வர் யோன் உவெஸ்லியும் ஒக்ஸ்போர்ட்டில் இருந்த காலந்தொட்டுக் கைக்கொண்டவரே.

எனினும் கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்களுக்கு இக்கருத்து எவரும் கொணர்ந்து தரவேண்டிய ஒன்றன்று. அரபியில் 'முஹாசபா' எனப்படும் தற்கணக்கெடுப்பு இஸ்லாமிய ஞானநெறியில் இஞ்ஞாசியாருக்கு ஏழு நூற்றாண்டுகள் முற்பட்டது. 857 இல் மறைந்த பக்தாத் நகர் ஞானி ஹாரித், இவ்வொழுக்கத்தாலேயே 'முஹாசிபி' என்னும் பெயர் பெற்றார். இமாம் கஸ்ஸாலி (1058-1111) 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இதற்கெனத் தனிநூற்பகுதி ஒன்று அமைத்தார். அவர் காட்டும் உவமை வணிகருடையது. முதலீடு செய்தவன் கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசுகிறான்; பகலிற் கண்காணிக்கிறான்; மாலையில் இலாப நட்டம் பார்க்கிறான். அறிவு அங்ஙனமே மனத்தினிடம் கணக்குக் கேட்டல் வேண்டும், வாழ்நாளே முதல். கடைக் கணக்கோடு நாளை முடிக்கும் கல்முனை வணிகர்க்கு இவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. இஞ்ஞாசியாரும் 'கணக்கு' என்ற சொல்லையே ஆண்டமை, ஒருவர் மற்றவரிடம் கடன்பட்டதைக் காட்டாது. கடன் கொடுத்து வாங்கி வாழும் மக்களிடையே மனச்சான்றும் கணக்கனாய் வருதல் இயல்பே.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. தனியொருவனின் நாளைக் கணக்கிடும் இவ்வேட்டில், பலர் கூடிச் செய்த தீங்குக்கு இடம் எங்கே? 1626 இற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டியரசன் செனரத் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அவர்கள் தொகை 4,000 எனப் பதிந்தவர் இயேசு சபை வரலாற்றாசிரியர் குவேறோஸ் அடிகளார் ஆவர். 1680களிற் கோவாவில் அவர் எழுதிய பெருநூல், போர்த்துக்கேயர் இலங்கையை இழந்தமைக்கு அவர்தம் அநீதிகளே காரணம் எனக் கண்டிக்கின்றது. ஒரு நாட்டினத்தையே ஆத்தும சோதனைக்கு உட்படுத்த முயன்றது எனலாம். ஆயின் முஸ்லிம்களை அவரும் பகைவராகவே நோக்கினார். தன் பக்கத்தவரின் குற்றங்களை இத்துணை அஞ்சாது எழுதிய கையும் அவ்வெல்லையைத் தாண்டவில்லை.

1990 இல் அக்கேள்வி மீண்டும் வந்தது. ஆனி மாதத்திற் கல்முனையை அரச படையினர் மீளக் கைப்பற்றியபின் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். பலர் காணாமற் போயினர். ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூரிலும் குருதி சிந்தியது. ஓகஸ்ட் 15 ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய அமெரிக்க இயேசு சபையினர் யூஜின் ஹீபெர்ட் அடிகளாரும் அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் வழியில் மறைந்தனர்.

ஹீபெர்ட்டைப் போலவே 1948 இல் இலங்கைக்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியிற் பணிபுரிந்தவர் ஹரி மில்லர் அடிகளார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவினருள் ஒருவராய், பிள்ளையைத் தேடிவந்த பெற்றோர் கூறியவற்றைக் கேட்டுக் காணாமற் போனோர் விவரங்களைப் பதிந்துவந்தார். நாளுக்கு இருமுறை தன்னிடமே கணக்குக் கேட்கப் பழக்கப்பட்ட சபையின் துறவி, பிறர் செய்துவிட்டு மறைத்தவற்றுக்கு ஏடு திறந்தார். அதில் இடப்பட்டவை புள்ளிகளல்ல, பெயர்கள். தம் தோழர் ஹீபெர்ட்டுக்கு நேர்ந்தது யாதென்பதற்கு விடை கிடையாமலே அவர் 2017 ஜனவரி 1 ஆந் திகதி மட்டக்களப்பிற் காலமானார்.