கோய் குளம்

அழகுக்காக ஜப்பானிய வண்ணக் கெண்டைகளை வளர்க்கத் தோட்டத்தில் கட்டும் குளம் கோய் குளம். மீனின் முழுப்பெயர் நிஷிகிகோய். சரிகைப் பட்டுக் கெண்டை என்று பொருள் கொள்ளலாம். தங்கமீனோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். வாயோரம் பார்த்தால் போதும்: கோய்க்கு இரண்டு இணை மீசை உண்டு, தங்கமீனுக்குக் கிடையாது.

வரலாறு

இதன் பிறப்பிடம் ஜப்பானின் நீகாத்தா மாகாணத்து மலையூர்களான யாமகோஷியும் ஓஜியாவும். சீனத்திலிருந்து வந்தது என்பார் கூற்று கெண்டைக்குப் பொருந்தலாம். வண்ணக் கெண்டைக்கு அன்று. ஆளுயரத்துக்கு மேல் பனி குவிந்து வழியடைக்கும் இவ்வூர்களில், படிவயல்களுக்கு மேலிருந்த பாசனக் குட்டைகளில் உழவர்கள் கறிக்காகவே கறுப்புக் கெண்டை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஞ்சுகளிடையே சிவப்பும் வெள்ளையுமாகச் சில தோன்றின. அவை சட்டிக்குப் போகாமல் தப்பியதுதான் இத்தனைக்கும் தொடக்கம். 1904இல் ஜெர்மனியிலிருந்து வந்த செதில் குறைந்த கெண்டையோடு கலந்து தொய்ட்சு வகை உண்டாயிற்று. 1914இல் டோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சி நிஷிகிகோயை நாடறியச் செய்தது.

வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு இருந்தால் கோஹாகு. அதன்மேல் கறுப்புப் புள்ளி சேர்ந்தால் தைஷோ சான்ஷோகு. உடலே கறுப்பாகி அதில் சிவப்பும் வெள்ளையும் படர்ந்தால் ஷோவா. இது 1927இல் உருவானது. மற்ற வகைகள் பல இருந்தாலும் இம்மூன்றின் தகுதி தனி. கோயின் பிறப்பிடத்தைத் தாக்கிய 2004 அக்டோபர் 23 நிலநடுக்கத்தில் யாமகோஷி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேறினர், குளங்கள் பிளந்தன. பிழைத்த மீன்களில் சிலவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்றினர்.

நீரும் மோட்டாரும்

மலைக்குட்டைக்கு மேட்டுநீர் தானாக இறங்கி வரும். வீட்டுத் தோட்டத்தில் அந்த வேலை மோட்டாருடையது; குளத்து நீரை வடிகட்டி வழியே அது சுழற்றுகிறது. மீன் செவுள் வழியே விடும் அம்மோனியா நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுக் குளத்தில் இக்குடியேற்றம் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டுவிடுவது கெடுதல்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது குளத்து நீர் முழுவதும் வடிகட்டிக்குள் போய்வர வேண்டும். 10,000 லிட்டர் குளமென்றால் மணிக்கு 5,000 லிட்டர். மோட்டார்ப் பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. வடிகட்டி மேலே இருந்தால் நீர்வரத்து குறையும் என்பதால் பெரிய மோட்டாராக வாங்குவதே சரி. மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் மோட்டாரை நிறுத்துவது பொய்க் கணக்கு. விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. காற்றில்லாத வடிகட்டியில் பாக்டீரியாவும் சாகும்.

நீர்வரத்து மெலிந்தால் முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் வலைமூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலும் இம்பெல்லரில் இழைப்பாசி முறுக்கிக் கிடக்கும், அல்லது குட்டி நத்தையின் ஓடு ஒன்று சிக்கியிருக்கும். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குளத்து நீரிலேயே அலச வேண்டும். குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இன்றைய நிலை

கோய் இப்போது பல நாடுகளில் வளர்க்கப்படுகிறது. 1998 முதல் அறியப்பட்ட கோய் ஹெர்பிஸ் வைரசுக்கு மருந்தில்லை. வாங்கிய மீனை ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைத்திருந்த பிறகே குளத்தில் விடவும்.