கல்பாசியும் காளானும்

காளானைக் குறிக்கச் சங்க இலக்கியத்தில் வழங்கிய சொற்களுள் ஒன்று ஆம்பி. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாகப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படை, வறிய பாணரின் அட்டிலில் முளைத்ததைக் காளாம்பி என்கிறது. ஈரிடத்தும் அது உணவாக வரவில்லை, உணவின்மையின் அடையாளமாகவே வருகிறது. பூசணம் பூத்தது என்னும் இன்றைய பேச்சிலும் பூத்தல் என்ற அந்த வினை தொடர்கிறது.

செட்டிநாட்டுக் குழம்புகளில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் கல்பாசியின் பெயர் வேறு வழியில் அமைந்தது. இந்தியிலும் மராத்தியிலும் இதற்குக் கல்பூ என்று பொருள்படும் பெயர்கள் வழங்க, தமிழோ பசுமையின் அடியாகப் பிறந்த பாசி என்னும் சொல்லைத் தேர்ந்தது. பொருளோ மேலே சாம்பல் நிறமும் கீழே கறுப்பும் கொண்டது. பாறையில் மட்டுமன்றி மரப்பட்டையிலும் வளர்வது. ஆகவே கல், பாசி என்னும் இரு கூறுமே பொருந்தாதவை போலத் தோன்றும்.

அப்படித் தள்ளிவிடுவது அவசர முடிவு. கல்பாசி லைக்கன் என்னும் வகையைச் சேர்ந்தது; லைக்கன் என்பது பூஞ்சை இழைகளுக்கிடையே நுண்ணிய பாசி வாழும் கூட்டுடல். ஒளியைக் கொண்டு உணவு ஆக்குவது பாசி, அதற்கு உறைவிடமாக இருப்பது பூஞ்சை. இக்கருத்தை 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் முன்வைத்தபோது லைக்கன் ஆய்வாளர் பலர் சீறினர். தம் ஆய்வுப் பொருள் தனி உயிரே அன்று என்பதை யார்தான் எளிதில் ஏற்பர்?

காளானும் பூஞ்சையே, ஆயினும் கண்ணுக்குத் தெரியும் குடை அதன் முழு உடலன்று. மண்ணிலோ மட்கிய மரத்திலோ பரவிய இழைகள், வித்துகளைப் பரப்புவதற்காகச் சிலநாள் எழுப்பும் உறுப்பு மட்டுமே அது. லைக்கனில் வெளியே தெரிவதே வாழும் உடல். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்து நெடுங்காலம் நிற்பது. காளான்களுள் பெரும்பாலானவை வித்துகளைத் தண்டுபோன்ற செல்லின் நுனியில் வெளியே தாங்குபவை. லைக்கன் பூஞ்சைகளோ மிகுதியும் அவற்றைப் பைக்குள் அடைத்து வைப்பவை. பூஞ்சை உலகில் இவை இரண்டும் வெவ்வேறு பெருங்கிளைகள்.

தமிழ்ப் பெயர் உள்ளிருக்கும் பாசியைச் சுட்ட, பெயரிடும் அறிவியல் விதி மறுபக்கம் நிற்கிறது: கல்பாசிக்கு உரிய பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்னும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு மட்டுமே உரியது, பாசிக்குத் தனிப்பெயர் உண்டு.