வடிகட்டியில் சிக்கும் உள்ளூர்க் குரல்: இணைய மதிப்புரைகளும் மட்டக்களப்புச் சிறுவணிகமும்

பாசிக்குடா விடுதிக்கும் மட்டக்களப்பு நகரின் சாப்பாட்டுக் கடைக்கும் கூகுள் வரைபடத்தில் ஒரே அளவுகோல்தான்: ஐந்து நட்சத்திரங்கள். அவற்றை வழங்குவோர் ஒரே வகையினர் அல்லர். விடுதியைப் பற்றி எழுதுபவர் பெரும்பாலும் போகும் ஊரெல்லாம் எழுதிப் பழகிய உல்லாசப் பயணி. காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ உள்ள கடையைப் பற்றி எழுதுபவர், அங்கே நெடுங்காலம் வாங்கி வருபவர். அவர் ஒருமுறை எழுதினாலே அதிகம். கடையின் தரத்தை நன்கறிந்தவர் இரண்டாமவர். போலி மதிப்புரைகளைப் பிரிக்கும் தளங்களின் வடிகட்டியோ முதலாமவரையே எளிதில் நம்பும் என்பது என் வாதம்.

வடிகட்டலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2023இல் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புரைகளைத் தடுத்தோ நீக்கியோ விட்டதாகக் கூகுள் அறிவித்தது. இத்தனையையும் ஆட்களை வைத்துப் படித்துத் தீர்க்க இயலாது. ஆகவே கணினி அடையாளங்களைத் தேடுகிறது. 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மதிப்புரைத் தளமான யெல்ப், மதிப்புரையின் தரம், எழுதியவரின் நம்பகம், தளத்தில் அவருடைய ஈடுபாடு ஆகியவற்றைப் பார்ப்பதாகக் கூறுகிறது. ஒரே கணினியிலிருந்து வருபவற்றையும் அது ஐயுறுகிறது.

இந்த அடையாளங்களை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். புதிய கணக்கு, ஒரேயொரு பதிவு, இரண்டு சொல்லில் பாராட்டு: கூலிக்கு எழுதுபவரின் சாயல் இது, நேர்மையான உள்ளூர் வாடிக்கையாளரின் சாயலும் இதுவே. வீட்டில் ஒரு கைபேசியைப் பலர் பாவிக்கிறார்கள். கைபேசி வலையமைப்பிலும் பல பாவனையாளர்கள் ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் நிற்பது வழமை.

மைக்கேல் லூக்கா, ஜோர்ஜியோஸ் சேர்வாஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பொஸ்டன் நகர உணவகங்களுக்கு வந்த யெல்ப் மதிப்புரைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் வடிகட்டப்பட்டிருந்தன. வடிகட்டப்பட்டவற்றைப் போலிக்கான சான்றாகக் கொண்டே அவர்கள் மேலே சென்றனர். மதிப்புரை குறைந்த உணவகங்களே போலியை அதிகம் நாடுகின்றன, கிளை நிறுவனங்கள் குறைவாகவே நாடுகின்றன என்று முடிவு கண்டனர். பொஸ்டனுக்கு இந்த எடுகோள் பொருந்தலாம். மட்டக்களப்புக்கு அதை அப்படியே கொண்டுவருவது தவறு. இங்குள்ள கடைகளிற் பெரும்பாலானவை கிளையற்றவை, மதிப்புரை குறைந்தவை. எழுதும் பழக்கம் குறைந்த ஊரில், வடிகட்டியில் நிற்பது போலியா, பழக்கமின்மையா என்று அந்த எண்ணிக்கையால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு விடயத்தில் யெல்ப் பாராட்டுக்குரியது: பரிந்துரைக்காத மதிப்புரைகளை அது தனிப் பக்கத்தில் காட்டுகிறது, வாசகர் தாமே படித்துத் தீர்மானிக்கலாம். கூகுள் நீக்கியவற்றுக்கு அப்படியொரு பக்கம் இல்லை. பத்தே மதிப்புரைகள் உள்ள கடைக்கு இரண்டு மறைந்தால் சராசரியே மாறிவிடும்.

இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் யெல்ப் பிறப்பதற்கு முந்தியது. வணிகரின் ஏமாற்று நடத்தையை அது தடைசெய்கிறது. வணிகரைப் பற்றிய சொல்லை மறைப்பவரை நோக்கி எழுதப்பட்டதன்று. தளங்களிடம் அதிகாரசபை இரண்டைக் கோர வேண்டும்: மறைத்த மதிப்புரைகளை வாசகர் பார்க்கும்படி வைத்தல், மறைத்த காரணத்தை எழுதியவருக்கும் கடைக்காரருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல்.