கொற்கையில் கடல் எங்கே போனது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஃபோனில் என்னால் தட்ட முடிவதில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் தட்டித் தந்தாள். எழுத்துப்பிழை இருந்தால் அது அவள் கணக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். அவன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்டாம். "டீச்சர், கொற்கை பெரிய துறைமுகம்னு நடத்துனீங்கள்ல, இப்ப மேப்ல பாத்தா ஊரு உள்ள கிடக்கு, கடல் எங்க போச்சுன்னு கேக்கான். கடல் உள்வாங்கிட்டுன்னு சொல்லிட்டேன். சரிதான?" என்றான். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். 31 வருஷம் எல்லா வகுப்புக்கும் அதையேதான் சொன்னேன். அது பாதிப் பதில். மீதிப் பாதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

1988-ல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொற்கைக்குக் கூட்டிப்போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஏரலில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தோம். பாண்டியர் துறைமுகம், முத்துக்குளிப்பு, யவனர் கப்பல் என்று ஒரு வாரமாக நான் கட்டி வைத்திருந்த கோட்டை, ஊருக்குள் நுழைந்ததுமே சரிந்தது. வாழைத் தோட்டம், நெல் வயல், ஒரு குளம், வெற்றிவேலம்மன் கோயில், ரொம்பப் பழையது என்று ஊரார் காட்டும் வன்னி மரம். அவ்வளவுதான். "டீச்சர், கடல் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கிழக்கே கையைக் காட்டி, "உள்வாங்கிவிட்டது" என்றேன். கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். அவள் கண்ணில் நம்பிக்கை இல்லை. அவள்தான் சரி.

கொற்கை துறைமுகமாக இருந்தது கட்டுக்கதை இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' நூலில் 'கொல்கை' என்று வருகிறது. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பு அங்கே நடந்ததாகவும், தண்டனை பெற்ற கைதிகளை அதில் இறக்கியதாகவும் அந்த நூல் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அதை வணிக ஊராகக் குறிக்கிறார். சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வரும். 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு அளவில் வந்தது. பக்கத்திலேயே அக்கசாலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கிற இடம்.

ஆக, ஊர் நகரவில்லை. நகர்ந்தது கரை.

இதை முதலில் சரியாகச் சொன்னவர் கால்டுவெல். நமக்கு அவரைத் தமிழ் இலக்கணத்தோடுதான் தெரியும். 1870களில் அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். வயல் மண்ணுக்கு அடியில் கடல் சிப்பி வந்தது. 1881-ல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் காரணத்தை எழுதினார்: தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் முகத்துவாரத்தில் சேர்ந்து, கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. கடல் தானாகப் போகவில்லை. ஆறு அதைத் தள்ளியது.

பாட்டில் சோதனை ஞாபகம் இருக்கிறதா? ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு கைப்பிடி மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மேஜையில் வைப்போமே. மணல் உடனே அடியில் உட்காரும். நைசான களிமண் மட்டும் கலங்கியே நிற்கும். ஆற்று முகத்துவாரத்திலும் அதேதான் நடக்கிறது. பொதிகையிலிருந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, கடலைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. மணல் அங்கேயே விழுகிறது. கலங்கி நிற்கும் களிமண், உப்புத் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அதுவும் அடியில் இறங்குகிறது. நம் மன்னார் வளைகுடா கரையோரத்தில் ஆழம் குறைந்த கடல். எதிரே இலங்கை, இடையில் தீவுகள். அலையின் வேகம் பெருமளவு அடங்கித்தான் கரைக்கு வரும். போட்ட மண்ணை முழுக்க அள்ளிக்கொண்டு போகிற பலம் அதற்கு இல்லை. கொஞ்சத்தை மட்டும் தள்ளிக் கரையோரம் மணல்திட்டாகக் கட்டுகிறது. திட்டுக்குப் பின்னால் சிறைப்பட்ட தண்ணீர்தான் காயல். நாளாவட்டத்தில் அந்தக் காயலும் தூர்ந்துபோகும்.

இந்தச் சொல்லை வைத்தே மீதிக் கதையைச் சொல்லிவிடலாம். கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் ஆற்றின் புதிய வாய்க்கு நகர்ந்தது. அதுதான் காயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, 'காயில்' என்னும் பட்டணத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளை இறக்குவதை எழுதியிருக்கிறார். (அது எங்கள் ஊர்தான் என்று காயல்பட்டினத்தாரும் சொல்வார்கள். எனக்கு அங்கே சம்பந்தி வீடு உண்டு, நான் வாயைத் திறக்கமாட்டேன்.) பழையகாயலில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததைக் கால்டுவெல் பார்த்திருக்கிறார். இன்று அந்த ஊரும் உப்பளங்களுக்குப் பின்னால் உள்ளே கிடக்கிறது. பிறகு முகத்துவாரத்தில் புன்னைக்காயல் வந்தது, போர்ச்சுக்கீசியர் அங்கே தங்கினார்கள். கடைசியில், ஆற்றை நம்பினால் பிழைக்க முடியாது என்பதுபோல, துறைமுகம் ஆற்றை விட்டு வடக்கே தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கேயும் ஆழம் போதவில்லை. வ.உ.சி. காலத்துக் கப்பல்கள் தூரத்தில் நிற்க, தோணிகள்தான் சரக்கைக் கரை சேர்த்தன. கடலுக்குள் நெடுக அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகுதான் பெரிய கப்பல் பக்கத்தில் வந்தது. 1974-ல் அது பெருந்துறைமுகம் ஆனது.

கொற்கை, காயல், புன்னைக்காயல் என்று ஒரு பேப்பரில் வரிசையாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஆறு கடலுக்குள் நடந்து போன காலடித்தடம் அது.

'கடல் உள்வாங்கியது' என்பது முழுப்பொய்யும் இல்லை. ராமேசுவரம் கரையில் உயிரற்ற பவளப்பாறைகள் இன்றைய அலை மட்டத்துக்கு மேலே நிற்கின்றன. அவற்றின் வயது சுமார் 4,000 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. எனவே அந்தக் காலத்தில் அங்கே கடல் மட்டம் உயர்ந்திருக்க வேண்டும், அல்லது நிலம் தாழ்ந்திருக்க வேண்டும். அதனால்தான் பாதிப் பதில் என்றேன்.

ஆனால் எனக்கு இது உறைத்தது புத்தகத்தில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட அது அதிகம். ஏரல் பாலத்தை ஆறு அரித்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றே போனது. எங்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். பக்கத்து மாடி வீட்டு மதினிதான் என்னைக் கையைப் பிடித்து ஏற்றினாள். இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. இருட்டில் ஆற்றின் சத்தம் மட்டும். மாடு ஒன்று கத்திக்கொண்டே போனது. அது இன்னும் காதில் நிற்கிறது.

தண்ணீர் வடிந்து கீழே இறங்கினால் கூடம் முழுக்கச் சேறு. பீரோவின் அடித்தட்டில் இருந்த வகுப்பு போட்டோக்கள், என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் எழுதிய கடிதங்கள், எல்லாம் கூழ். உட்கார்ந்து அழுதேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பேத்தியின் அடிஸ்கேலை எடுத்துச் சேற்றில் குத்திப் பார்த்தேன். ஒன்பது சென்டிமீட்டர். கரண்டியால் வெட்டிப் பார்த்தால் அடியில் மணல், மேலே வெண்ணெய் மாதிரி வண்டல். ஹார்லிக்ஸ் பாட்டில்! வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"என்ன மதினி, சேத்தப் போயி அளந்துகிட்டு இருக்கீக?" என்று அவள் திட்டினாள். நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 2,000 வருஷத்தில் ஆறு கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு மூன்று மீட்டர். ஆனால் ஆறு அப்படி மாதச் சம்பளக்காரர் மாதிரி வேலை பார்ப்பதில்லை. பத்து, இருபது வருஷம் சும்மா கிடக்கும். பிறகு இரண்டே ராத்திரியில் மொத்த வேலையையும் முடித்துவிடும். நாம் கொற்கை வயல் என்று சொல்கிற இடம், இப்படிப்பட்ட எத்தனையோ ராத்திரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ வீடு இழந்திருப்பார்கள். எங்கள் ஊர் வாழைக்கும் நெல்லுக்கும் பேர் போனது என்றால் அதற்குக் காரணம் இந்தச் சேறுதான். அதே வெள்ளம் சில தோட்டங்களில் வெறும் மணலைக் கொட்டிவிட்டுப் போனதும் உண்மை. அவர்களிடம் போய் வண்டலின் பெருமையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மஸ்கட் மாணவன் மகனுக்கு இன்னொன்று. இந்த வேலை முன்போல நடக்கவில்லை. 1940களில் பாபநாசம் அணை, 1950களில் மணிமுத்தாறு அணை. அணையில் தேங்கிய மண் கடலுக்கு வராது. ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளிய கதை உங்களுக்கே தெரியும். இப்போது திருச்செந்தூர்க் கோயில் முன்னால் கடல் கரையை அரிக்கிறது. அதற்குக் காரணம் பல இருக்கலாம், நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கரை என்பது ஆறு போடுவதற்கும் கடல் எடுப்பதற்கும் இடையில் நடக்கிற வரவுசெலவு. வரவைக் குறைத்துவிட்டுச் செலவைப் பற்றி மட்டும் பேசினால் கணக்கு இடிக்கும். தம்பி, ப்ராஜெக்டில் இதையும் எழுது. மார்க் குறைத்தால் உங்கள் டீச்சரிடம் என் நம்பரைக் கொடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1988-ல் கொற்கைக்கு வந்தவர்கள் யாரிடமாவது அந்த வன்னி மரத்தடியில் எடுத்த குரூப் போட்டோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். "கடல் எங்க?" என்று கேட்டவள் இரண்டாவது வரிசையில் ரெட்டைச் சடையோடு நிற்பாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.