கார்ன்வால் கரையில் செம்பின் கதை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடல் நேராக வந்து மோதும் பாறைமேட்டில், கூரை போன கருங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 2015 மார்ச்சில் பிபிசியில் ‘போல்டார்க்’ தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதிலிருந்து, கார்ன்வாலுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தைக் கேட்டு வருகிறார்கள். கதாநாயகன் ராஸ் போல்டார்க் தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் பணயம் வைத்துத் திறக்கும் ‘வீல் லெஷர்’ சுரங்கமாகத் தொடரில் காட்டப்பட்டது இதுதான். கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உண்மையான பெயர் வீல் ஓல்ஸ்.

1893 ஜனவரி 10 அன்று வீல் ஓல்ஸின் ஆழத்தில் ஆட்கள் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வீல் ட்ரியா என்ற பழைய சுரங்கம் கைவிடப்பட்டு, தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அது இன்னும் தள்ளி இருப்பதாகச் சுரங்க வரைபடம் காட்டியது. திசைகாட்டி முள் காட்டும் வடக்கு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக நகரும். பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் ஒரே தாளில் சேர்க்கும்போது அந்த நகர்வைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை. இடையில் இருந்த பாறை உடைந்தது. தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த காற்றில் மெழுகுவத்திகள் அணைந்தன. இருட்டில் வழி தெரிந்தவர்கள் தப்பினார்கள். 19 ஆண்களும் ஒரு சிறுவனும் மேலே வரவில்லை. அவர்களுடைய உடல்களை எடுக்கவும் முடியவில்லை. சுரங்கம் அதன்பிறகு இயங்கவே இல்லை.

விடுமுறைக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் ஏன் கேட்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும். கதையின் பின்னால் இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அந்த மண்ணின் கதையை முழுதாகச் சொல்வதுதான் மரியாதை.

கதை கேட்கவும் கதை தேடவும் இந்தக் கரைக்கு வருவது தொலைக்காட்சியோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் 1850இல் கார்ன்வாலில் கால்நடையாகவே சுற்றினார். கார்ன்வாலின் எல்லையான தாமர் ஆற்றுக்கு அப்பால் ரயில் வராத காலம்; அதையே தலைப்பில் வைத்து அடுத்த ஆண்டு பயண நூல் வெளியிட்டார். வீல் ஓல்ஸுக்குப் பக்கத்திலுள்ள பொட்டாலக் சுரங்கத்துக்குள் இறங்கி, கடலுக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே அலை புரளும் ஓசையைக் கேட்டதை அதில் எழுதினார். 1865இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அதே சுரங்கத்தின் சாய்வுப் பாதையில் பெட்டியில் அமர்ந்து கீழே போனார்கள். அதன்பிறகு பொட்டாலக்கைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் பெருகியது. அவர்கள் போன அதே பாதையில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1863இல், சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் இறந்திருந்தார்கள்.

அடுத்து 1868இல் ஆர். எம். பாலன்டைன் பொட்டாலக்கைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதினார். எழுத்தாளர் வருவதும், நூல் வருவதும், நூலைப் படித்தவர்கள் வருவதும் இங்கே ஒன்றரை நூற்றாண்டாக நடந்து வருகிற காரியம்.

‘போல்டார்க்’ கதையை எழுதிய வின்ஸ்டன் கிரகாம் வடக்குக் கரையிலுள்ள பெரன்போர்த்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடலோரக் காவலில் பணியாற்றினார். 1945இல் முதல் நாவல் வந்தது. 2002இல் வந்த பன்னிரண்டாவது நாவலோடு தொடர் முடிந்தது. சாலையோரப் பலகை ஒன்றில் ‘டெமெல்சா’ என்ற சிற்றூரின் பெயரைப் பார்த்து, அதைத் தன் கதாநாயகிக்கு வைத்தார். 1975இல் பிபிசி முதன்முறையாக இந்த நாவல்களைத் தொடராக எடுத்தபோது, ராஸின் வீடாகப் பொட்டாலக் பண்ணைவீடு காட்டப்பட்டது. அந்தத் தொடருக்கு இருந்த செல்வாக்குக்கு ஒரு சாட்சி உண்டு: வென்ட்ரன் என்ற ஊரில் வீல் ரூட்ஸ் என்ற பழைய வெள்ளீயச் சுரங்கத்தை மையமாகக் கொண்ட சுற்றுலாத் தலம் ‘போல்டார்க் மைன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

தொடரில் உள்ள பொருளாதாரம் கற்பனை அல்ல. அமெரிக்கப் போரிலிருந்து ராஸ் திரும்பிவரும் 1783ஆம் ஆண்டில் கார்ன்வால் செம்பு நிஜமாகவே நெருக்கடியில் இருந்தது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், பாரிஸ் மலையில், நிலத்தின் மேற்பரப்புக்கு அருகிலேயே செம்பு கிடைத்து விலையை இறக்கியது. கார்ன்வாலிலோ ஆழத்தில் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். தண்ணீரை இறைக்க நீராவி இன்ஜின் வேண்டும். இன்ஜினுக்கு வேண்டிய நிலக்கரி கார்ன்வாலில் கிடையாது. 1777 முதல் இங்கே வந்த ஜேம்ஸ் வாட்டின் இன்ஜின் பழையவற்றைவிடக் குறைந்த கரியில் ஓடியது. மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் ஆண்டுதோறும் காப்புரிமைத் தொகையாக வாங்கிக்கொண்டார்கள். சுரங்க முதலாளிகளுக்கு அது தீராத மனக்குறை.

வெட்டிய தாதுவை உருக்கவும் கரி வேண்டும் என்பதால் தாது கப்பலேறி வேல்ஸின் ஸ்வான்ஸிக்குப் போயிற்று. திரும்பும் கப்பலில் கரி வந்தது. தாதுவின் விலையை நிர்ணயித்தவர்கள் உருக்காலைக்காரர்கள். குறிப்பிட்ட நாளில் அவர்களுடைய முகவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு சீட்டில் விலையை எழுதிப் போடுவார்கள். தொடரில் ராஸ் ரகசியமாக நிறுவனம் ஒன்றைத் தொடங்கி உருக்காலைக்காரர்களின் கூட்டுக்கு எதிராக நிற்கிறான். 1785இல் கார்ன்வால்காரர்கள் உண்மையிலேயே ஓர் உலோக நிறுவனம் தொடங்கி இதே முயற்சியில் இறங்கினார்கள். காதல் காட்சிகளுக்கு நடுவே இவ்வளவு செம்பு வணிகத்தைச் சொன்ன தொலைக்காட்சித் தொடர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

தாது ஏற்றிய துறைமுகங்களில் ஒன்றுதான் சார்ல்ஸ்டவுன். தொடரில் ட்ரூரோ நகரின் துறைமுகமாக வருகிறது. 1790இல் இங்கே இருந்தவை ஒன்பது மீனவர் குடும்பங்களும், பில்சர்ட் மீனைப் பதப்படுத்தும் சில கிடங்குகளும் மட்டுமே. சார்ல்ஸ் ராஷ்லீ என்ற நிலக்கிழார், பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் திட்டப்படி 1791 முதல் பாறையைக் குடைந்து துறைமுகம் கட்டினார். செம்புக்குப் பிறகு பீங்கான் களிமண் இங்கிருந்து போயிற்று. பிற்காலத்தில் பெரிய கப்பல்கள் நுழைய முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்ததால் யாரும் இதை இடித்து விரிவாக்கவில்லை. அந்தக் காலத் தோற்றம் கலையாமல் இருப்பதால் படப்பிடிப்புக் குழுக்கள் திரும்பத் திரும்ப இங்கேயே வருகின்றன. இதே தொடரில் ட்ரூரோவின் தெருவாக வருவது கார்ன்வாலே அல்ல. வில்ட்ஷரிலுள்ள கோர்ஷம் என்ற ஊர்.

பொட்டாலக்குக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் லெவான்ட் சுரங்கம். தொடரில் உலோகத் தகடு அடிக்கும் ஆலையாக வருகிறது. 1820இல் தொடங்கிய இந்தச் சுரங்கத்தின் பாதைகள் கடலுக்கு அடியில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டன. ஆழம் கூடக் கூட, வேலை முடிந்து ஏணிகளில் ஏறி மேலே வருவதே தனி வேலையாயிற்று. அதற்காக 1857இல் ஓர் எந்திரம் பொருத்தினார்கள். கிணறு போன்ற குழிக்குள் நீண்ட மரத்தண்டு மேலும் கீழுமாக அசையும். அதில் நிற்பதற்குப் படிகள் இருக்கும். குழியின் சுவரிலும் அதே இடைவெளியில் மேடைகள். தண்டு மேலே போகும்போது படியில் நின்று, உச்சியில் மேடைக்கு மாறி, தண்டு இறங்கிவந்ததும் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். இப்படியே நூற்றுக்கணக்கான அடி. 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஆட்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தபோது, தண்டை இன்ஜினோடு இணைத்த பகுதி உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். எந்திரத்தை மீண்டும் பொருத்தவில்லை. மிக ஆழமான பகுதிகளைக் கைவிட்டார்கள். 1930இல் சுரங்கமே மூடப்பட்டது.

நிலத்துக்கு மேலே பெண்கள் வேலை செய்தார்கள். தாதுவைச் சுத்தியலால் உடைத்து, தரம் பிரித்து, கழுவுவது அவர்கள் பொறுப்பு. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகள்கூட அதில் இருந்தார்கள். வெயிலுக்கும் தெறிக்கும் கல்லுக்கும் பயந்து அகலமான வெள்ளைத் துணித் தொப்பி அணிவார்கள். டெமெல்சாவும் சுரங்கத் தொழிலாளியின் மகள்தான். ஆனால் பாறை முனையில் கூந்தல் பறக்க நிற்கும் டெமெல்சாவைத் தேடி வருகிறவர்கள், சுத்தியல் பிடித்த அந்தப் பெண்களை லெவான்டிலும் கீவர் சுரங்கத்திலும் உள்ள பழைய புகைப்படங்களில் ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

1860களில் செம்பு விலை சரிந்தது. வெள்ளீயம் சில காலம் தாங்கிப் பிடித்தது; பிறகு மலாயாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மலிவாக வந்த வெள்ளீயம் அதையும் சாய்த்தது. 1861க்கும் 1901க்கும் இடையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கார்ன்வாலை விட்டு வெளிநாடுகளுக்குப் போனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்கள் போகத் தொடங்கிய அதே காலத்தில் எதிர்த்திசையில் விடுமுறைக் கூட்டம் வந்தது. 1859இல் புரூனல் கட்டிய பாலம் தாமர் ஆற்றைக் கடந்து ரயிலைக் கொண்டுவந்தது. 1904இல் லண்டனிலிருந்து பென்சான்ஸுக்கு விரைவு ரயிலும் ஓடத் தொடங்கியது.

வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடம் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். கார்ன்வாலின் குவென்னப் பகுதியில் 1819 முதல் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லரின் வாரிசுகள்தான், ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ என்ற பெயரில் 1880 முதல் கோலார் தங்கவயலை நிர்வகித்தவர்கள். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் அங்கே மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். அவர்களுக்குக் கீழே, ஆழத்தில், பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித் மக்கள். ஏணியும் வெடிமருந்தும் நுரையீரலை அரிக்கும் தூசும் இரண்டு இடங்களுக்கும் பொது. கூலியும் குடியிருப்பும் பொது அல்ல. மேலாளர்களுக்குப் பங்களா, தொழிலாளிகளுக்கு லைன் வீடு. ‘தங்கலான்’ படம் பார்த்துவிட்டுத் தங்கவயலின் பழங்கதையைத் தேடுகிறவர்கள், அந்தத் தேடலின் ஒரு நுனி கார்ன்வால் பாறைகளில் இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை நிலைகுலைந்தது. கீவர் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். தொழிலாளர்கள் உடை மாற்றும் கூடத்தில் வேலை உடைகள் இன்னும் தொங்குகின்றன. அங்கே சுற்றிக்காட்டுகிறவர்களில் அந்தச் சுரங்கத்திலேயே வேலை செய்தவர்களும் உண்டு. லெவான்டின் 1840ஆம் ஆண்டு இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போகாமல் 1935இல் ஆர்வலர்கள் சிலர் காப்பாற்றினார்கள்; பின்னாளில் தன்னார்வலர்கள் அதைப் பழுதுபார்த்து மறுபடி நீராவியில் ஓடச் செய்தார்கள். 2006இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அப்போது புதிய ‘போல்டார்க்’ வரவே இல்லை. தொடர் செய்த உதவி, அந்த அறிவிப்பைக் கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்களை இங்கே கொண்டுவந்ததுதான்.

கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் க்ராஃப்டி 1998இல் மூடப்பட்டது. மின்னணுக் கருவிகளில் பற்றவைக்கும் சால்டருக்கு வெள்ளீயம் தேவைப்படுவதால், அதை மீண்டும் திறக்கும் முயற்சி நடக்கிறது. இத்தனை ஆண்டுகளாக உள்ளே தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றும் வேலை 2023இல் தொடங்கியது.