வேலைவாய்ப்பு அலுவலகம்

வேலை தேடுவோரின் படிப்பு, தொழில்திறன், அனுபவம் ஆகியவற்றைப் பதிந்துவைத்து, ஆள் தேடும் நிறுவனங்களுக்குப் பொருத்தமானவர்களைப் பரிந்துரைக்கும் அரசு அமைப்பு வேலைவாய்ப்பு அலுவலகம். எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று வழிகாட்டுவதும், வட்டாரத்தில் எந்தத் துறையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டுவதும் அதன் பணிகளே. எதற்கும் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் மக்கள் இதை ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’ என்றே சொல்வார்கள். பத்தாம் வகுப்பு தேறிய கையோடு அங்கே போய்ப் பதிந்துவிட வேண்டும் என்பது இரண்டு தலைமுறைகளாக வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்லிவந்த அறிவுரை.

தோற்றம்

அரசே நாடு தழுவி நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முன்மாதிரி பிரிட்டன். அங்கே துறைமுகங்களிலும் கட்டுமானங்களிலும் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வேலை கேட்டார்கள். ஒரு வாசலில் ஆள் மிஞ்சி நிற்க, அடுத்த வாசலில் ஆள் கிடைக்காமல் வேலை நின்றது. வேலையில்லாமை என்பது சோம்பேறித்தனத்தால் வருவதல்ல, தொழில்கள் நடக்கும் முறையில் உள்ள கோளாறு என்று வாதிட்டார் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ். அவருடைய யோசனையை அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1909-இல் சட்டமாக்கினார். 1910 பிப்ரவரி 1 அன்று முதல் அலுவலகங்கள் திறந்தன.

ஏறத்தாழ அதே வேளையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வேறொரு முயற்சி நடந்தது. ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் இளைஞர்களுக்கான தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒருவர் தன்னைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது, தொழில்களின் நிபந்தனைகளையும் வருமானத்தையும் தெரிந்துகொள்வது, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பது என்பதே அவர் வகுத்த முறை. இன்று பள்ளிகளில் நடக்கும் தொழில் வழிகாட்டல் எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று படிகளின் விரிவுதான். ஆள் சேர்ப்பது பிரிட்டனின் வழி, ஆலோசனை சொல்வது பாஸ்டனின் வழி. இந்திய அலுவலகங்களின் சட்டதிட்டங்களில் இரண்டுமே இடம்பெற்றன.

இந்தியாவில்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்தியப் படையில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் ஓய்ந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்ப வேண்டும். போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இருந்த தொழிலாளர்களுக்கும் வேலை போகும். இவர்களை மீண்டும் வேலையில் அமர்த்தவே 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் உருவானது. ஆக, இந்தியாவில் இந்த அமைப்பு முதலில் எழுந்தது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக அல்ல. இடையில் வேறு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வேலைக்குத் திரும்புபவர்களுக்காக. பிரிவினைக்குப் பின் மேற்குப் பாகிஸ்தானிலிருந்தும் கிழக்கு வங்காளத்திலிருந்தும் வந்த அகதிகள் அதன் வாசலுக்கு வந்தார்கள். 1948-இல் எல்லோருக்கும் கதவு திறந்தது.

1952-இல் அமைந்த பி. சிவராவ் குழு, அலுவலகங்களின் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 முதல் அப்படியே ஆனது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த நாளும் அதுவே. இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டல் பிரிவுகள் வந்ததும் அந்தக் குழுவின் பரிந்துரையால்தான்.

1959-இல் நாடாளுமன்றம் காலிப்பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 மே 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். விவசாயம், வீட்டுவேலை, மூன்று மாதத்துக்கும் குறைந்த வேலை ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. சட்டத்தின் பலவீனம் அதன் நான்காம் பிரிவிலேயே இருந்தது. தெரிவிப்பதுதான் கட்டாயமாக இருந்தது, அலுவலகம் அனுப்பும் ஆட்களையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தெரிவிக்கத் தவறினால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,000 ரூபாய். 1959-இல் அது ஒரு தொகை. பிறகு பல பத்தாண்டுகள் அந்த எண்ணை மாற்றாமலே வைத்திருந்தது சட்டத்தைக் காகிதமாக்கிவிட்டது. தனியார் நிறுவனங்கள் மெல்ல விலகிக்கொண்டன. அலுவலகம் அரசு வேலைக்கான வாசலாகச் சுருங்கியது.

அடையாள அட்டையும் பதிவு மூப்பும்

பதிவு செய்தவருக்குக் கிடைக்கும் அட்டை சிறியது. அதில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. தமிழ்நாட்டின் இணையப் பதிவில் எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் மாவட்ட அலுவலகத்தைக் குறிக்கும். அடுத்த நான்கு இலக்கங்கள் பதிந்த ஆண்டு. அதன்பின் ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண். அட்டையில் தேசியத் தொழில் வகைப்பாட்டுக் குறியீடும் இருக்கும். தட்டச்சருக்கு ஒரு குறியீடு, வெல்டருக்கு ஒன்று, இடைநிலை ஆசிரியருக்கு ஒன்று. இந்த வகைப்பாடு முதலில் 1958-இல் வெளியாகி, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. பொருத்தமான ஆளைத் தேடி எடுக்க வேண்டியது இந்தக் குறியீட்டைக் கொண்டுதான்.

ஆனால் அட்டை வைத்திருந்தவர்கள் பார்த்தது குறியீட்டை அல்ல, பதிவு செய்த தேதியை. அரசுத் துறை ஒன்று ஆள் கேட்டால், இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சிப்படி ஒவ்வொரு பிரிவிலும் பதிவில் மூத்தவர்களின் பெயர்கள் போகும். அதற்கு முன் நாளிதழில் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன பிரிவில் இன்ன தேதி வரை பதிந்தவர்கள் பரிந்துரைக்கப்பட உள்ளனர், அட்டையோடு நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். தங்கள் தேதி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க அலுவலகப் பலகையின் முன் கூட்டம் திரளும். ஒரே நாளில் பதிந்தவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முதலிடம். ஒவ்வொரு கல்வித்தகுதிக்கும் தனித்தனி மூப்பு கணக்கிடப்படும். பிளஸ் டூவை முதலில் பதிந்துவிட்டு, பட்டம் வாங்கி நான்கு ஆண்டுகள் கழித்து அதைச் சேர்த்தவருக்குப் பட்டத்தின் மூப்பு சேர்த்த நாளிலிருந்தே தொடங்கும். இது தெரியாமல் பின்தங்கியவர்கள் ஏராளம்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூப்பு போய்விடும். புதுப்பிக்க மறந்தவர்களுக்காக அரசு அவ்வப்போது சலுகை ஆணை வெளியிட்டு, பழைய மூப்பை மீட்டுக்கொள்ள வாய்ப்பளிப்பது தமிழ்நாட்டில் வழக்கம். 2010-இல் பதிவு இணையத்துக்கு மாறியது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள் வழங்கும்போது பள்ளியிலேயே பதியவும், அந்தப் பதினைந்து நாட்களில் பதிந்த எல்லோருக்கும் ஒரே மூப்பு தரவும் பிறகு ஏற்பாடு வந்தது. விடியற்காலையில் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறி வரிசையில் நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை.

சிலருக்கு மூப்பைத் தாண்டிய முன்னுரிமை உண்டு: முன்னாள் படைவீரர்கள், ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகள், கலப்புத் திருமணம் செய்தோர், அரசுக்கு நிலம் கொடுத்த குடும்பத்தினர், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோர். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்திறங்கிய குடும்பங்களுக்கு இந்த முன்னுரிமை கைகொடுத்தது.

வரிசையின் முடிவு

வேலையற்ற பட்டதாரி என்பவர் 1970-களிலும் 80-களிலும் தமிழ்ச் சிறுகதைக்கும் சினிமாவுக்கும் நிரந்தரக் கதாநாயகர். கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ வந்தது 1980-இல். அந்தக் காலத்தில் பதிவு மூப்பு முறைக்கு ஒரு நியாயம் இருந்தது. சிபாரிசும் பணமும் இல்லாதவருக்கும் முறை வந்தே தீரும் என்ற உறுதியை அது கொடுத்தது. அதன் கொடுமையும் அங்கேதான் இருந்தது. இருபது வயதில் பதிந்தவருக்கு நாற்பதில் ஆணை வந்தால், நடுவில் போன இருபது ஆண்டுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. படித்ததைப் பயன்படுத்த வழியில்லாமல், வேறு தொழில் கற்கவும் மனமில்லாமல் காத்திருந்தவர்களை நம் ஊர்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வரிசையை முதலில் அசைத்தது நீதிமன்றம். அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகவே ஆள் எடுக்கலாம் என்று 1987-இல் ஹரகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1996-இல், ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்ட ஆயத்தீர்வைத் துறை தொடர்பான வழக்கில், பட்டியல் கேட்பதோடு நில்லாமல் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பிக்கும் தகுதியுள்ள அனைவரையும் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்து வந்தது தேர்வு. தமிழ்நாட்டில் ஆசிரியர் நியமனம் பல ஆண்டுகள் பதிவு மூப்புப்படி நடந்தது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாகி, 2012 ஜூலையில் முதல் தேர்வு நடந்தபோது, பத்துப் பதினைந்து ஆண்டு மூப்பு வைத்திருந்தவர்கள் புதிதாகப் படித்து முடித்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு 2018-இல் நடந்தபோது, 9,351 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்.

பதிவேட்டில் பெயர்கள் குறையவில்லை. தமிழ்நாட்டில் பதிந்தோர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 75 லட்சத்தைத் தாண்டியது. அரசு வெளியிடும் வயதுவாரிப் பட்டியலில் அறுபதைத் தாண்டியவர்களும் இருப்பார்கள். இந்த எண்ணை வேலையற்றோர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது தவறு. பள்ளி மாணவர்களும், தனியார் வேலையில் இருந்துகொண்டே பதிவை உயிரோடு வைத்திருப்பவர்களும் அதில் அடக்கம். பதியவே பதியாத வேலையற்றோர் அதில் இல்லை.

வழிகாட்டும் பணி

மூப்பு வரிசையின் பேரிரைச்சலில் அடிபட்டுப் போனது, அலுவலகத்தின் மற்றொரு பாதி: ஆலோசனை. மாவட்ட அலுவலகங்கள் தொழில்நெறி வழிகாட்டு மையங்களாகவும் இயங்குகின்றன. பல்கலைக்கழகங்களில் தனி வழிகாட்டு மையங்கள் உண்டு. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கும் சென்னையில் தனி அலுவலகம் இருக்கிறது. இன்றைக்கு மிகுதியாகப் பயன்படுவது தன்னார்வப் பயிலும் வட்டம். மாவட்டந்தோறும் தேர்வாணையத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு, நூலகம், மாதிரித் தேர்வு. கோச்சிங் சென்டர் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் அங்கே அமர்ந்து படித்துத் தேர்வாகியிருக்கிறார்கள்.

தனியார் நிறுவனங்களை அழைத்துவந்து மாவட்டங்களில் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்தப்படுகின்றன. மத்திய அரசின் தேசியத் தொழில்நெறிச் சேவைத் தளம் 2015 ஜூலையிலும், தமிழக அரசின் தனியார்துறை வேலைவாய்ப்புத் தளம் 2020 ஜூனிலும் வந்தன. கல்லூரி மாணவர்களின் திறன்பயிற்சிக்கு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, இந்த அலுவலகங்களைத் தொழில்நெறி மையங்கள் என்றே குறிப்பிடுகிறது.

பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதோருக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது: பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல், காத்திருப்பு ஓராண்டே. பட்டதாரியின் 600 ரூபாய் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்குமே போதாது. தொகையை உயர்த்தாமல் திட்டத்தைப் பற்றிப் பெருமைப்பட இடமில்லை.

வேலைக்குத் திரும்புவோர்

போருக்குப் பின் திரும்பியவர்களுக்காகப் பிறந்த அமைப்பு, இன்று திரும்பி வருபவர்களை, குறிப்பாகத் திருமணத்தாலும் குழந்தை வளர்ப்பாலும் இடையில் வீட்டில் இருந்த பெண்களை, போதிய அளவு கண்டுகொள்வதில்லை. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதிகள் சில உண்டு. திருமணமாகி வேறு மாவட்டத்துக்குப் போனவர் பதிவைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநிலத்துக்குள் மாற்றினால் மூப்பு கெடாது. அனுபவச் சான்றிதழைப் பதிந்தால் தொழில் குறியீடே மாறக்கூடும். பத்தாண்டு கணக்கு எழுதியவர் வெறும் பி.காம். பட்டதாரியாகப் பட்டியலில் கிடக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் பல பதவிகளில், கேட்கப்பட்ட தகுதிக்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பு கிடையாது. நாற்பது வயதில் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த பெண்களை எந்தத் தாலுகா அலுவலகத்திலும் பார்க்கலாம்.

முகாமுக்கு வரும் நிறுவனங்களில் பல, அண்மையில் தேறிய இளைஞர்களையே கேட்கின்றன. மாவட்ட அலுவலகம் ஒன்று மாதத்தில் ஒரு நாளை வேலைக்குத் திரும்புவோருக்கு மட்டும் ஒதுக்கி, விட்டுப்போன மென்பொருளை அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கற்க ஏற்பாடு செய்து, அரைநாள் வேலை தரும் நிறுவனங்களையும் அன்றைக்கு அழைத்தால், அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. ஐ.டி.ஐ.களும் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் தமிழ்நாட்டில் ஒரே துறையின் கீழ்தான் இருக்கின்றன.