கெடுவோடு பிறந்த உரிமை

சுவரில் ஏறிவிட்ட செங்கல்லை யாரும் திரும்ப எடுத்துப் போக முடியாது. கூலியும் சரக்கும் பாக்கி நின்றால், கட்டிக் கொடுத்தவருக்கு ஈடாக எஞ்சுவது அந்தக் கட்டடமும் அடிமனையும்தான். அமெரிக்காவின் மேரிலாந்து சட்டமன்றம் 1791 டிசம்பரில் இந்த நியாயத்தைச் சட்டமாக்கியது. அப்போதுதான் எழத் தொடங்கியிருந்த வாஷிங்டன் நகருக்குக் கட்டுமானக்காரர்களை வரவழைக்க, அவர்களுக்கு வரவேண்டிய பணத்துக்காக வீட்டின் மீதே பற்றுரிமை தந்தது. ஆனால் அதே சட்டம் கெடுவும் வைத்தது: ஒப்பந்தத்தை 6 மாதத்துக்குள் பதிய வேண்டும், வேலை முடிந்த 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்த வீட்டை நாளை வாங்குபவரும், அதன் பேரில் கடன் கொடுப்பவரும் கண்ணுக்குத் தெரியாத பாக்கியில் சிக்கக் கூடாதல்லவா? ஆகவே கெடு என்பது உரிமையில் விழுந்த ஓட்டை அல்ல. பிறர் சொத்தின் மீது கை வைக்கும் உரிமைக்கு அதுவே நியாயம் சேர்க்கிறது.

அப்படியானால், கெடு எந்த நாளிலிருந்து ஓட வேண்டும் என்பதே உண்மையான கேள்வி. கலிபோர்னியா இந்தப் பற்றுரிமையை 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த மாநிலம். அங்கே இன்று, முழு வேலையும் முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் உரிமையைப் பதிய வேண்டும். உரிமையாளர் 'வேலை முடிந்தது' என்று அறிவிப்புப் பதிந்துவிட்டாலோ, தலைமை ஒப்பந்தக்காரருக்கு 60 நாள், துணை ஒப்பந்தக்காரருக்கு 30 நாள்தான். அஸ்திவாரம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் முன்பே வெளியேறியவருக்குத்தான் குறைந்த அவகாசம்.

உரிமையாளர் அந்த அறிவிப்பின் நகலை 10 நாளுக்குள் அனுப்ப வேண்டுமே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். வேலை தொடங்கும்போதே உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து வைத்தவருக்கு அது பொருந்தும். ஆனால் தாமே குடியிருக்கும் சிறு வீடுகளின் உரிமையாளருக்கு அந்தக் கடமை இல்லை. அவகாசத்தை நீட்டினால், தலைமை ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்து முடித்தவர் இரண்டாம் முறையும் கொடுக்க நேரும் என்பது இன்னும் வலுவான வாதம். அதற்கான காப்பும் சட்டத்திலேயே இருக்கிறது. துணை ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். யார் யாருக்குப் பாக்கி என்பதை அறிந்த உரிமையாளர், அவர்களிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டே பணத்தை விடலாம். உரிமையாளருக்கு ஆரம்பத்திலேயே தகவல் சேர வேண்டும் என்று வற்புறுத்தும் சட்டம், உழைத்தவருக்கும் கடைசியில் தகவல் சேர்ந்த பிறகே நாளை எண்ணத் தொடங்க வேண்டும்.